மாதம் 5 டாலர் பிடித்தம்: சான் பிரான்சிஸ்கோ இத்தாலியரின் வரவு செலவு

1895இல் நியூயார்க் நகரத்துக்குக் குடிநீர் தரும் குரோட்டன் நீர்த்தேக்க வேலைக்கு ஆள் எடுத்தார்கள். கூலி விகிதத்தை ஒளிக்காமல் அச்சிட்டே வெளியிட்டார்கள். வெள்ளைக்காரக் கூலியாளுக்கு நாளொன்றுக்கு 1.30 முதல் 1.50 டாலர். கறுப்பினத்தவருக்கு 1.25 முதல் 1.40. இத்தாலியருக்கு 1.15 முதல் 1.25. வெள்ளையர் வரிசையில் இத்தாலியருக்கு இடமில்லை. அவர்களுக்கென்று தனி வரிசை, அதுவும் கடைசி வரிசை. அதற்கு 4 ஆண்டுகளுக்கு முன்பு, 1891 மார்ச்சில், நியூ ஆர்லியன்ஸ் சிறைக்குள் புகுந்த கும்பல் 11 இத்தாலியரைக் கொன்றது. மறு ஆண்டு அமெரிக்க அரசு இத்தாலிக்குக் கொடுத்த இழப்பீடு சுமார் 25,000 டாலர். பங்கு பிரித்தால் ஓர் உயிருக்கு 2,300 டாலர்கூட வரவில்லை.

1880 முதல் 1920 வரை 40 லட்சத்துக்கும் மேற்பட்ட இத்தாலியர் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள். அவர்களை எந்த விலைக்கு மதித்தார்கள் என்பதை மேலே உள்ள எண்களே சொல்லிவிடும். பெரும்பாலோர் கிழக்குக் கரையிலேயே நின்றுவிட்டார்கள். 1910 மக்கள்தொகைக் கணக்கில், இத்தாலியில் பிறந்து நியூயார்க்கில் வாழ்ந்தவர்கள் 3,40,765 பேர். மேற்குக் கரையில், சான் பிரான்சிஸ்கோவில், சுமார் 17,000 பேர். 20க்கு 1 என்ற விகிதம். அப்போது சான் பிரான்சிஸ்கோவின் மொத்த மக்கள் 4,16,912. நூற்றுக்கு 4 பேர்தான் இத்தாலியில் பிறந்தவர்கள். ஆனால் பிற்காலத்தில் உலகத்தின் மிகப் பெரிய வங்கி இந்தச் சின்னக் கூட்டத்திலிருந்துதான் கிளம்பியது. இது எப்படி நடந்தது என்று கேட்டால் ஒரு பெரிய மனிதரின் பெயரைச் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். எண்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறு விடை கிடைக்கிறது.

சான் பிரான்சிஸ்கோவுக்கு முதலில் வந்தவர்கள் 1849 தங்க வேட்டையின் காலத்தவர்கள். பெரும்பாலும் ஜெனோவாவையும் அதைச் சுற்றியுள்ள லிகூரியக் கரையையும் சேர்ந்தவர்கள். தங்கம் கிடைத்தவர்கள் கொஞ்சம்தான். மற்றவர்கள் தோண்டுவதை விட்டுவிட்டு, தோண்டுகிறவர்களுக்குச் சோறு போடும் தொழிலுக்கு வந்தார்கள். மீன், காய்கறி, ரொட்டி, மளிகை. ரபல்லோவில் பிறந்து பெரு நாட்டில் கடை வைத்திருந்த டொமினிகோ கிரார்டெல்லி 1849இல் வந்து சேர்ந்தார். 1852இல் அவர் தொடங்கிய தின்பண்ட நிறுவனத்தின் பெயர் இன்றும் சாக்லேட் உறையில் இருக்கிறது. 1858இல் பரஸ்பர உதவிச் சங்கம் ஒன்று ஏற்பட்டது. நோயில் விழுந்தவருக்கு மருந்து, இறந்தவருக்கு அடக்கச் செலவு என்று ஆளுக்குக் கொஞ்சம் போட்டுச் சமாளித்தார்கள். வங்கிகள் வருவதற்கு 35 ஆண்டுகளுக்கு முன்பே கூட்டுப் பணம் வந்துவிட்டது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அவர்கள் குடியேறிய பகுதி நார்த் பீச். பெயரில் கடற்கரை இருந்தாலும், கரை தூர்க்கப்பட்டதால் கடல் தள்ளிப் போய்விட்டது. டெலிகிராஃப் குன்றின் சரிவும் அதன் அடிவாரமும்தான் அந்தப் பேட்டை. கூப்பிடு தூரத்தில் சைனாடவுன். இந்த அண்டை வீட்டைப் பற்றிப் பின்னால் பேச வேண்டியிருக்கிறது.

முதல் பெரிய கணக்கு 1881இல் தொடங்குகிறது. ஆண்ட்ரியா ஸ்பார்போரோ என்பவர் ஜெனோவா பக்கத்திலிருந்து சிறுவனாக வந்து, மளிகைக் கடையில் வளர்ந்து, பிறகு வீடு கட்டுவோருக்கான சேமிப்புச் சங்கங்களை நடத்திப் பெயர் எடுத்தவர். வேலையில்லாமல் நகரத்தில் சுற்றிய இத்தாலியருக்கும் சுவிஸ் நாட்டு இத்தாலியருக்கும் நிலம் வாங்கித் தர வேண்டும் என்று ஆசைப்பட்டார். பங்கு ஒன்றுக்கு மாதம் 1 டாலர் என்று பணம் திரட்டினார். நகரத்துக்கு வடக்கே சோனோமா மாவட்டத்தில் 1,500 ஏக்கரை 25,000 டாலருக்கு வாங்கினார். ஏக்கர் 17 டாலருக்கும் குறைவு. பீட்மாண்ட் பிரதேசத்துத் திராட்சை ஊரான ஆஸ்தியின் பெயரையே அந்த இடத்துக்கும் வைத்தார்.

திட்டம் நல்லது. வேலைக்கு வருகிறவருக்கு மாதம் 30 முதல் 40 டாலர் சம்பளம், தங்க இடம், சாப்பாடு, குடிக்கிற அளவுக்குத் திராட்சை மது. சம்பளத்தில் மாதம் 5 டாலர் பிடித்தம். அந்தப் பிடித்தம் பங்காகச் சேரும். காலப்போக்கில் உழுகிறவரே நிலத்துக்குச் சொந்தக்காரர் ஆகிவிடுவார். கூட்டுறவு என்பது பலருக்கும் கனவாக இருந்த காலத்தில் இப்படி ஒருவர் காகிதத்தில் எழுதி, பத்திரம் போட்டு, நிலமும் வாங்கி வைத்துவிட்டார்.

தொழிலாளிகள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சம்பளத்தை முழுதாகக் கையில் கொடுங்கள், பங்கு உங்களிடமே இருக்கட்டும் என்றார்கள்.

இதைப் படிப்பறிவில்லாதவர்களின் அவசரபுத்தி என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 5 டாலர் என்பது 40 டாலரில் எட்டில் ஒரு பங்கு, 30 டாலரில் ஆறில் ஒரு பங்கு. அந்தக் காலத்தில் இத்தாலியரில் பலர் நாலைந்து வருடம் உழைத்து, கடனை அடைத்துவிட்டு, ஊரில் ஒரு துண்டு நிலம் வாங்கலாம் என்றுதான் வந்தார்கள். ஊரில் மனைவியும் பிள்ளைகளும் மாதா மாதம் பணத்தை எதிர்பார்த்திருந்தார்கள். பார்த்தறியாத துரைமார்கள் நடத்தும் கம்பெனியின் காகிதம், கொடி காய்க்குமா என்றுகூடத் தெரியாத நிலம், 20, 25 ஆண்டு காத்திருப்பு. இதற்கு மாதச் சம்பளத்தில் ஆறில் ஒன்றைக் கொடுக்க மறுத்தது சரியான கணக்குதான். பின்னால் நடந்ததும் அதை உறுதி செய்தது. நிலம் வாங்கிய சமயத்தில் டன் 30 டாலருக்கு விற்ற திராட்சை, 1887இல் முதல் விளைச்சல் வந்தபோது 8 டாலருக்கு விழுந்துவிட்டது. பழமாக விற்றால் பறிகூலிக்கே தட்டுப்பாடு. வேறு வழியில்லாமல் கம்பெனியே மது வடிக்கத் தொடங்கியது. முதல் ஆண்டு வடித்தது புளித்துக் காடியாகப் போனது. துரின் பல்கலைக்கழகத்தில் படித்த மருந்தாளுநர் பியெத்ரோ ரோஸி பொறுப்பேற்ற பிறகுதான் கம்பெனி நிமிர்ந்தது. அதன் பின் அது அமெரிக்காவின் முன்னணி மது நிறுவனங்களில் ஒன்றாயிற்று. ஆனால் லாபம் பங்குக்காரர்களுக்குப் போனது. உழுதவர்கள் கடைசிவரை சம்பளக்காரர்களாகவே இருந்தார்கள்.

இனி கடன் கணக்குக்கு வருவோம். 1900இல் சான் பிரான்சிஸ்கோவில் இத்தாலியில் பிறந்தவர்கள் சுமார் 7,500 பேர். அவர்களுக்கு அப்போதே இரண்டு வங்கிகள் இருந்தன. ஜான் ஃபுகாசி 1893இல் தொடங்கிய கொலம்பஸ் சேமிப்பு வங்கி ஒன்று. ஸ்பார்போரோ 1899இல் தொடங்கிய இத்தாலிய அமெரிக்க வங்கி இன்னொன்று. இரண்டும் பேட்டையின் வசதியானவர்களுக்குத்தான் பயன்பட்டன. மீன் கூடை தூக்குகிறவரும் காய்கறி வண்டிக்காரரும் 25 டாலர் கேட்டு அங்கே போக முடியாது. பெரிய அமெரிக்க வங்கிகளின் வாசலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மிச்சம் இருந்தது வட்டிக்காரர்.

அமடெயோ பீட்டர் ஜியானினி 1870இல் சான் ஹோசேயில் பிறந்தவர். லிகூரியாவிலிருந்து வந்த அவருடைய தகப்பனார், சம்பளத் தகராறு ஒன்றில் வேலையாளால் சுட்டுக் கொல்லப்பட்டார். தாயார் மறுமணம் செய்துகொண்டது லொரென்சோ ஸ்கடேனா என்ற காய்கறி மண்டிக்காரரை. பையன் படிப்பை விட்டு மண்டிக்கு வந்தான். 19 வயதில் பங்காளி, 31 வயதில் போதும் என்று ஓய்வு. 1902இல் மாமனார் இறந்ததும் குடும்பச் சொத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்போடு கொலம்பஸ் வங்கியின் இயக்குநர் நாற்காலியும் வந்து சேர்ந்தது. சிறு ஆட்களுக்கும் கடன் கொடுக்க வேண்டும் என்று அங்கே வாதாடினார். மற்ற இயக்குநர்கள் கேட்கவில்லை. வெளியேறி, 1904 அக்டோபர் 17 அன்று, மதுக்கடையாக இருந்த ஓர் இடத்தில் பாங்க் ஆஃப் இத்தாலியைத் திறந்தார்.

அந்த வங்கியின் முதல் பேரேட்டை நிதானமாகப் பார்க்க வேண்டும். தலா 100 டாலர் மதிப்பில் 3,000 பங்குகள். அதில் பாதித் தொகை, 1,50,000 டாலர், கட்டப்பட்ட முதல். இயக்குநர் எவரும் 100 பங்குக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்று கட்டுப்பாடு. ஒருவர் கையில் நூற்றுக்கு 3, 4க்கு மேல் போகாது. மீதிப் பங்குகளை மீன்காரர், ரொட்டிக்காரர், மளிகைக்காரர், பூச்சு வேலைக்காரர், முடி திருத்துகிறவர் என்று பேட்டைக்காரர்கள் ஒன்று இரண்டாக வாங்கினார்கள். முதல் நாள் வரவு 8,780 டாலர். ஓராண்டில் வைப்புத்தொகை 7 லட்சம் டாலரைத் தாண்டியது. 1905 முடிவில் மொத்தச் சொத்து சுமார் 10 லட்சம் டாலர். மெத்தைக்கு அடியிலும் சுவர்ப் பொந்திலும் இருந்த தங்கக் காசுகளை ஜியானினி வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்கினார். அந்தக் காலத்து வங்கியாளர்கள் வாடிக்கையாளரைத் தேடிப் போவதை அநாகரிகம் என்று நினைத்தார்கள். மண்டியில் வளர்ந்தவருக்கு அந்தக் கூச்சம் இல்லை.

23 ஆண்டுகளுக்கு முன்பு பங்கு வேண்டாம் என்றவர்கள் இப்போது வாங்கினார்கள் என்றால் என்ன மாறியது? இந்தக் கல்லா அவர்கள் தெருவில் இருந்தது. அதன் முதலாளி காலையில் மண்டியில் அவர்களோடு பேரம் பேசியவர். போட்ட காசை வேண்டும்போது எடுக்கலாம். பிடித்தம் இல்லை. கடனும் கிடைத்தது, 25 டாலர்வரை சின்னதாக. கையில் காய்ப்பு இருக்கிறதா என்று பார்த்தே கடன் கொடுத்தார் என்று ஜியானினியைப் பற்றிச் சொல்வார்கள். அடமானம் வைக்கப் பொருள் இல்லாதவருக்கு அவருடைய உழைப்பே ஜாமீன் ஆயிற்று. ஒரு சமூகம் தலையெடுத்ததற்கு இதைவிட முக்கியமான காரணம் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

1906 ஏப்ரல் 18, காலை 5:12. நிலநடுக்கத்தின் அளவு 7.9 என்று இன்று மதிப்பிடுகிறார்கள். நடுக்கம் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிட்டது. தீதான் நாள்கணக்கில் எரிந்தது. சுமார் 28,000 கட்டடங்கள் அழிந்தன. 4 லட்சம் பேர் வாழ்ந்த நகரத்தில் பாதிக்கு மேற்பட்டோர் வீடிழந்தார்கள். இறந்தவர்கள் எத்தனை? அன்றைய அதிகாரபூர்வக் கணக்கு 500ஐக்கூடத் தொடவில்லை. பின்னாளில் நகர ஆவணக் காப்பாளர் கிளாடிஸ் ஹான்சன் பெயர் பெயராகத் தேடிச் சேர்த்ததில் அது 3,000க்கு மேல் போயிற்று. ஏழைகளையும் குடியேறிகளையும் சீனர்களையும் யாரும் சரியாக எண்ணவில்லை. முதலீட்டாளர் பயந்து ஓடிவிடக் கூடாது என்ற கவலை, செத்தவர்களை எண்ணும் கவலையைவிடப் பெரிதாக இருந்தது. புள்ளிவிவரத்தைப் படிக்கும்போது அதை எழுதியவர் யாரை எண்ணவில்லை என்றும் கேட்க வேண்டும் என்பதற்கு இந்த 500ம் 3,000மும் போதும்.

நார்த் பீச் ஏறக்குறைய முழுதும் எரிந்தது. டெலிகிராஃப் குன்றின் மேல் சில வீடுகளை, பீப்பாயில் இருந்த மதுவில் கம்பளியை நனைத்துக் கூரையில் போர்த்திக் காப்பாற்றினார்கள் என்று பேட்டையில் வழிவழியாகச் சொல்கிறார்கள். சான் மேட்டியோவில் குடியிருந்த ஜியானினி ரயில் பாதியில் நின்றுவிட, நடந்தே நகரத்துக்கு வந்தார். அன்று கல்லாவில் இருந்தது சுமார் 80,000 டாலர், தங்கமும் வெள்ளியுமாக. மக்கள் போட்டிருந்த பணம் 8 லட்சத்துக்கு மேல். கையிருப்பு பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்தக் காசையும் கணக்குப் புத்தகங்களையும் ஸ்கடேனா மண்டியின் இரண்டு வண்டிகளில் ஏற்றி, மேலே ஆரஞ்சுப் பெட்டிகளை அடுக்கி, திருடர்களுக்குப் பயந்து இருட்டில் ஓட்டிக்கொண்டு போய், வீட்டுக் கணப்படுப்பின் சாம்பல் குழியில் மறைத்தார்கள்.

மற்ற வங்கிகளின் இரும்புப் பெட்டகங்கள் வாரக்கணக்கில் திறக்க முடியாத அளவுக்குக் கொதித்துக்கொண்டிருந்தன. திறந்தால் உள்ளே காற்றுப் புகுந்து நோட்டுகள் பற்றிக்கொள்ளும். ஆளுநர் வங்கிகளுக்கு விடுமுறை அறிவித்திருந்தார். பெரிய வங்கியாளர்கள் மாதக்கணக்கில் மூடி வைக்கலாம் என்று பேசினார்கள். ஜியானினி துறைமுகத்தில் இரண்டு பீப்பாய்களின் மேல் பலகையைப் போட்டு, ஒரு தங்கப் பையை வைத்துக்கொண்டு கடன் கொடுக்க உட்கார்ந்தார். 80,000ஐ வைத்துக்கொண்டு ஒரு பேட்டையைக் கட்டுவது எப்படி? கேட்ட தொகையில் பாதியைத்தான் கொடுத்தார். மீதிப் பாதியை நீங்கள் புரட்டுங்கள் என்றார். வங்கிக்கு இன்னும் வராத தங்கம் வீடுகளில் பதுங்கியிருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். கடன் கிடைத்த தைரியத்தில் அந்தக் காசும் வெளியே வந்தது. மரம் ஏற்றிவரக் கப்பல் தலைவர்களுக்கும் பணம் கொடுத்து வடக்கே அனுப்பினார். எரிந்த பகுதிகளில் நார்த் பீச்தான் விரைவாக எழுந்தது. வங்கியின் சொத்து 1906 முடிவில் சுமார் 19 லட்சம் டாலர். நகரம் எரிந்த ஆண்டில் கிட்டத்தட்ட இரு மடங்கு.

இந்தக் கதையை எல்லோரும் ஜியானினியின் துணிச்சலுக்காகச் சொல்கிறார்கள். துணிச்சல் உண்மைதான். ஆனால் பாதிப் பணத்தைப் போட்டவர்கள் யார்? வீடிழந்து, பூங்காவில் கூடாரத்தில் படுத்திருந்த மீன்காரர்களும் ரொட்டிக்காரர்களும். நியாயமான பேரேட்டில் அவர்களுடைய பாதியும் வரவில் ஏற வேண்டும்.

வங்கியின் மிச்சக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1909இல் கலிபோர்னியா சட்டம் கிளைகளுக்கு வழிவிட்டதும் சான் ஹோசேயில் முதல் வெளியூர்க் கிளை. 1930இல் பெயர் பாங்க் ஆஃப் அமெரிக்கா ஆயிற்று. கோல்டன் கேட் பாலத்துக்கு நகரமும் அண்டை மாவட்டங்களும் அனுமதித்த கடன் பத்திரம் 3.5 கோடி டாலர். மந்தக் காலத்தில் வாங்க ஆளில்லாதபோது 60 லட்சம் டாலர் பத்திரங்களை எடுத்துக்கொள்ள முன்வந்தது இந்த வங்கிதான். 1945இல் உலகத்தின் மிகப் பெரிய தனியார் வங்கி, வைப்பு 500 கோடி டாலர். 1949இல் ஜியானினி இறந்தபோது அவர் விட்டுப்போன சொத்து 4,89,278 டாலர். 5 லட்சம்கூட இல்லை. தனக்குச் சேர வேண்டிய ஓராண்டு லாபப் பங்கு 15 லட்சம் டாலரை 1928இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் வேளாண் பொருளாதார ஆய்வுக்குக் கொடுத்துவிட்டார். அவர் நேர்மையானவர். ஆனால் 1930களில் கடன் கட்ட முடியாத விவசாயிகளின் நிலங்கள் அதே வங்கியின் கையில் குவிந்தன என்பதும், அவற்றைப் பராமரிக்கத் தனிக் கம்பெனியே நடத்த வேண்டியிருந்தது என்பதும் உண்மை. பீப்பாய்ப் பலகையில் நடந்த கடனும் கிளைகள் நூற்றுக்கணக்கில் பெருகிய பின் நடந்த கடனும் ஒன்றல்ல.

பங்கு என்ற விஷயத்துக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் அதற்கு இன்னொரு முடிவு உண்டு. சான் பிரான்சிஸ்கோவின் குப்பையை அள்ளியவர்கள் பெரும்பாலும் ஜெனோவாப் பக்கத்து மலைக் கிராமத்தார். சாக்கைத் தோளில் போட்டு, மாடிப்படி ஏறி, வீட்டுக் குப்பையைக் கொட்டிக்கொண்டு இறங்க வேண்டும். ஒருவர் வழியில் இன்னொருவர் புகுந்து கூலியைக் குறைத்துக்கொண்ட காலம் போய், 1920இல் இரண்டு சங்கங்களாகச் சேர்ந்தார்கள். அங்கே தொழிலாளியே பங்குக்காரர். பங்கு வாங்கினால்தான் வண்டியில் இடம். தலைவரும் சாக்குத் தூக்கிப் பழகியவர். 1932இல் வாக்காளர்கள் ஏற்றுக்கொண்ட நகரச் சட்டம் ஊரை 97 வட்டங்களாகப் பிரித்து உரிமம் கொடுத்தது. அத்தனையும் காலப்போக்கில் இந்த இரண்டு சங்கங்களின் கைக்கு வந்தன. ஆஸ்தி திராட்சைத் தோட்டத்தில் நடக்காத கூட்டுறவு குப்பை வண்டியில் நடந்தது. மேலிருந்து கொடுத்த பங்கை மறுத்தவர்கள், தங்கள் வேலையைத் தாங்களே வாங்கிக்கொள்ளும் பங்கை விட்டுவிடவில்லை. இத்தாலியருக்குக் கூட்டாக வேலை செய்யத் தெரியாது என்று சொன்னவர்களுக்கு இதைவிட வேறு பதில் வேண்டியதில்லை.

மீன்பிடித் துறையில் ஜெனோவாக்காரர்களுக்குப் பின்னால் சிசிலிக்காரர்கள் வந்தார்கள். 1900இல் டெய்லர் தெருவுக்கும் லெவன்வொர்த் தெருவுக்கும் இடைப்பட்ட கரையை மீன்பிடிப் படகுகளுக்கென்று மாநிலம் ஒதுக்கியது. இன்று சுற்றுலாக் கூட்டம் மொய்க்கும் ஃபிஷர்மன்ஸ் வார்ஃப் அதுதான். பாலெர்மோ அருகே இசோலா டெல்லே ஃபெம்மினே என்ற மீனவ ஊரிலிருந்து 1898இல் வந்த ஜுசெப்பே டிமாஜியோ அங்கேதான் படகு வைத்திருந்தார். 9 பிள்ளைகள். அவர்களில் மூவர் பேஸ்பால் ஆடப் போனார்கள். மீன் நாற்றம் பிடிக்காமல் படகிலிருந்து தப்பி ஓடிய ஜோவை 1934இல் நியூயார்க் யாங்கீஸ் அணி 25,000 டாலரும் 5 ஆட்டக்காரர்களும் கொடுத்து வாங்கியது. நியூ ஆர்லியன்ஸில் 11 உயிருக்குக் கொடுத்த தொகையும் கிட்டத்தட்ட இதேதான். 43 ஆண்டுகளில் இத்தாலியப் பெயருக்கு அமெரிக்காவில் இருந்த விலை அப்படி மாறியிருந்தது.

மாறியது என்று எல்லோரும் நம்பினார்கள். 1924இல் புதிதாக வருவோருக்கான கதவு ஏறக்குறைய மூடப்பட்டுவிட்டது. 1921 சட்டத்தில் இத்தாலிக்கு ஆண்டுக்கு 42,057 பேர். 1924 சட்டத்தில் 3,845. ஆனால் உள்ளே இருந்தவர்கள் வேர் பிடித்துவிட்டார்கள். அதே 1924இல் வாஷிங்டன் சதுக்கத்தின் எதிரே பீட்டர் பால் தேவாலயம் எழுந்து நின்றது. 1926-27இல் அதற்கு 5 முறை வெடிகுண்டு வைத்தார்கள். அதையும் தாங்கியது. 1930இல் இத்தாலியில் பிறந்தவர்கள் சுமார் 27,000. 1931இல் ஆஞ்சலோ ரோஸி மேயரானார். 13 ஆண்டு அந்த நாற்காலியில் இருந்தார்.

பிறகு 1942, அமெரிக்காவும் இத்தாலியும் எதிரெதிரே நின்ற போர்க்காலம். அமெரிக்கக் குடியுரிமை எடுக்காத இத்தாலியர் நாடெங்கும் சுமார் 6 லட்சம் பேர். அத்தனை பேரும் எதிரி நாட்டார் ஆனார்கள். கைரேகை, புகைப்படம் ஒட்டிய அடையாளப் புத்தகம். வானொலி, கேமரா, டார்ச் விளக்கு எல்லாவற்றையும் ஒப்படைக்க வேண்டும். மேற்குக் கரையில் 52,000 பேருக்கு இரவு 8 மணி முதல் காலை 6 மணி வரை வீட்டுக்குள் அடைப்பு. 5 மைலுக்கு மேல் போக அனுமதி வேண்டும். 10,000க்கு மேற்பட்டோர் கரையோர வீடுகளை விட்டுக் கிளம்ப வேண்டியிருந்தது. கெடு பிப்ரவரி 24. யார் இவர்கள்? 30, 40 ஆண்டு அங்கே வாழ்ந்த கிழவர்கள், கிழவிகள். ஆங்கிலத்தில் தேர்வு எழுதத் தெரியாததால் குடியுரிமை கேட்காமல் விட்டவர்கள். மகன்கள் படையில் இருக்க, தாய்மார்கள் மூட்டை கட்டினார்கள். 1941இல் ஜோ டிமாஜியோ தொடர்ந்து 56 ஆட்டங்களில் பந்தை அடித்து நாட்டையே பேச வைத்திருந்தார். சில மாதங்களில் அவருடைய தகப்பனார் பல ஆண்டு பழகிய வார்ஃபுக்குள் நுழையக் கூடாது என்றாயிற்று. மகனின் சாப்பாட்டுக் கடை அந்தக் கரையில்தான் இருந்தது. அங்கே போய் ஒரு வாய் சாப்பிட அந்த மனிதருக்கு வழியில்லை.

1942 அக்டோபர் 12, கொலம்பஸ் தினத்தன்று, எதிரி என்ற பட்டத்தை நீக்குவதாக அட்டர்னி ஜெனரல் பிரான்சிஸ் பிடில் அறிவித்தார். தேர்தலுக்கு இன்னும் சில வாரங்கள்தான். இத்தாலியரின் மகன்களும் மகள்களும் லட்சக்கணக்கில் வாக்காளர்களாகவும் படைவீரர்களாகவும் இருந்தார்கள். எண்ணிக்கைதான் அவர்களைக் காப்பாற்றியது. மேற்குக் கரை ஜப்பானியர் சுமார் 1,20,000 பேர். அவர்களில் மூன்றில் இரு பங்கு அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். அவர்களை முள்வேலி முகாமிலிருந்து விட ஆண்டுகள் ஆயின. சட்டம் ஒரே நாளில் எல்லோரையும் சந்தேகித்தது. தோலின் நிறம் பார்த்துத்தான் விடுதலை கொடுத்தது.

அண்டை வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றேனே, அதன் கணக்கு இதுதான். பக்கத்துத் தெருச் சீனருக்கு 1882 முதல் 1943 வரை, 61 ஆண்டுகள், குடியுரிமை கேட்கும் உரிமையே இல்லை. அப்படிக் குடியுரிமை பெற முடியாதவர்கள் விவசாய நிலம் வாங்கக் கூடாது என்று 1913இல் கலிபோர்னியா சட்டம் செய்தது. இத்தாலியருக்குக் கூலியில் வஞ்சனை நடந்தது, கொலை நடந்தது, கேலி நடந்தது. ஆனால் நிலப் பத்திரமும் வாக்குச் சீட்டும் அவர்களுக்கு எட்டும் தூரத்தில் இருந்தன. 25 டாலர் கடனைப் பெரிதாக்கியது அந்தப் பத்திரம். நார்த் பீச்சின் வெற்றியை இத்தாலியரின் உழைப்பால் மட்டும் விளக்குகிறவர்கள், அதே அளவு உழைத்த சீனர் ஏன் அதே வேகத்தில் ஏறவில்லை என்பதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

போருக்குப் பின் பிள்ளைகள் மரினா, எக்ஸெல்சியர் என்று வேறு பகுதிகளுக்கும் புறநகருக்கும் நகர்ந்தார்கள். 1965 குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு சீனக் குடும்பங்கள் எல்லை தாண்டி நார்த் பீச் வீடுகளுக்கு வந்தன. சிசிலி மீனவரின் மகன் ஜோசப் அலியோட்டோ 1968 முதல் 1976 வரை மேயர். அவருக்குப் பின் வந்த ஜார்ஜ் மாஸ்கோனி 1978 நவம்பரில் நகர மண்டபத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

2000 நவம்பர் 7 அன்று, இத்தாலிய அமெரிக்கரின் போர்க்கால உரிமைமீறல் பற்றிய சட்டத்தில் அதிபர் கிளிண்டன் கையெழுத்திட்டார். நடந்தது தவறு என்று ஒப்புக்கொண்டு, நீதித்துறை அறிக்கை தர வேண்டும் என்றது அந்தச் சட்டம். ஜப்பானியருக்கு 1988 சட்டப்படி உயிரோடு இருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் கிடைத்தது. இத்தாலியருக்குப் பணம் எதுவும் ஒதுக்கப்படவில்லை. 1942இல் வீட்டை விட்டு அனுப்பப்பட்ட கிழவர்களும் கிழவிகளும் 2000க்குள் ஏறக்குறைய எல்லோரும் இறந்துவிட்டார்கள்.